டாக்டரைக் காணுமுன்

(கிள்ளானில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் கிளினிக் உதவியாளர்கள் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் சொன்னதே சட்டமாக இருந்த காலம் உண்டு. பெரட்டில் நிறுத்திக் கொயினா கொடுப்பார்கள். விழுங்குவது மட்டுமே தொழிலாளியின் வேலை. 1965-ஆம் ஆண்டுச் சட்டம், தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்கள் முறைப்படி பதிவு பெற வழிசெய்தது. ஆனால் நோயாளியின் கூச்சத்தை எந்தச் சட்டம் போக்கும்? கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் டாக்டர் முன் அமர்ந்து, "ஒன்றுமில்லை ஐயா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவரும் தாய்மார்களை இன்றும் காண்கிறோம்.

டாக்டர் உங்களுக்கு ஒதுக்குவது சில நிமிடங்களே. அவை வீணாகாமல் உங்களை ஆயத்தம் செய்வது எங்கள் பணி. அதற்கு உங்கள் ஒத்துழைப்பு தேவை.

முதலாவது, இரத்த அழுத்தம். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த மூச்சோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். அதற்கு முன் அரைமணி நேரம் காப்பியும் சிகரெட்டும் வேண்டாம். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் இருங்கள். கை தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். தப்பான அளவை நம்பி மருந்தைக் கூட்டினால், தலைசுற்றி விழுவது யார்?

இரண்டாவது, வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சோதனை. எட்டு மணி நேரம் சாப்பிடக் கூடாது. பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், அன்று காலை மருந்தை என்ன செய்வதென்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் மருந்தை மட்டும் எடுத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரக்கூடும்.

மூன்றாவது, மருந்துப் பை. கிளினிக் மருந்தோடு, கடையில் வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து, ஜாமு யாவற்றையும் கொண்டுவாருங்கள். ஏச மாட்டோம். சில வலி மாத்திரைகளை நெடுநாள் விழுங்கினால் சிறுநீரகம் கெடும். டாக்டர் அதை அறிந்தாக வேண்டும்.

நான்காவது, பாதம். நீரிழிவில் கால் மரத்துப்போகும். புண் இருந்தும் வலிக்காது. சப்பாத்துக்குள் மறைந்த சிறு புண், பின்னாளில் காலையே பறித்துவிடும். வெட்கப்படாமல் கழற்றிக் காட்டுங்கள்.

சக உதவியாளர்களுக்கும் ஒரு சொல். வயதானவரை நம்பர் சொல்லி அதட்டாமல், "அம்மா", "ஐயா" என்று அழையுங்கள். திரையை இழுத்து மூடுங்கள். பேரப்பிள்ளையை நிறுத்தி மொழிபெயர்க்கச் சொன்னால் பெண்களின் நோய் வெளிவராது. தமிழ் பேசும் பெண் ஊழியரைக் கூப்பிடுங்கள்.

தோழர்களே! கூலி உயர்வுக்கு வாய் திறக்கக் கற்றோம். நம் உடம்புக்காகவும் வாய் திறப்போம்.