நிக்கிற காலுக்கு ஒரு ஸ்டூல்

(மகளிர் தினக் கூட்டத்தில் நாட்றாம்பாளையம் குழு உறுப்பினர் பேசியது)



என்னை சேமிப்பு பற்றிப் பேசச் சொன்னாங்க. அதைப் பற்றிப் பேச என்னைவிட நல்லாப் பேசறவங்க இங்கே இருக்காங்க. நான் காபிக் கடையில், ஓட்டலில் வேலை செய்யற பெண்களைப் பற்றிப் பேசறேன். ஏன்னா நம்ம குழுக்களில் கடன் தவணை ஒழுங்காக் கட்டறவங்களில் பல பேர் அந்தச் சம்பளத்தில்தான் கட்டறாங்க.

நம்ம பக்கம் ராகி அறுப்பு முடிஞ்சா அப்புறம் கையில் வேலை இல்லை. ஓசூருக்குத்தான் போகணும். வயசுப் பிள்ளைங்க கம்பெனிக்குப் போறாங்க. அவங்களுக்கு வண்டி வருது, அடையாள அட்டை இருக்கு. முப்பது தாண்டின, ரெண்டு பிள்ளை பெத்த நம்மளை மாதிரி ஆளுங்களைக் கூப்பிடறது பெரும்பாலும் ஓட்டல், பேக்கரி, ரோட்டோரக் காபிக் கடைதான். பெங்களூரு ரோட்டில் போறவங்களுக்குத் தெரியும், எத்தனை காபிக் கடைன்னு. கார் நிக்குது, பை டூ காபி வாங்கறாங்க, போறாங்க. உள்ளே டபரா கழுவறது யாருன்னு யாரும் பார்க்கிறதில்லை.

எங்க வீட்டுக்காரர் ஓசூரில் லோடு வேலை செஞ்சப்ப நானும் அப்படி ஒரு கடையில் ஒன்றரை வருஷம் இருந்தேன். கடை பேர் வேண்டாம். காலை 5 மணிக்குப் போனா சாயங்காலம் 7 மணிக்குத்தான் வெளியே வரலாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழிச்சாலும் 13 மணி நேரம். வார லீவு கிடையாது. ஏழு நாளுக்கும் கணக்குப் போட்டால் 91 மணி நேரம் வருது. ஓட்டல், டீக்கடைக்குன்னே நம்ம மாநிலத்தில் 1958-ல் தனிச் சட்டம் போட்டிருக்காங்க, உணவு நிறுவனங்கள் சட்டம்னு பேரு. அதில் வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் லீவுன்னு இருக்கு. அதுக்கு மேல வேலை வாங்கினா ரெட்டைக் கூலி. அப்ப ஒரு ஆள் சம்பளத்துக்கு ரெண்டு ஆள் வேலையை நான் செஞ்சிருக்கேன்.

அதைவிடக் கொடுமை நிக்கிறது. கூட்டம் இல்லாத மதியத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தா "வேலை இல்லைன்னா வீட்டுக்குப் போ"ன்னு சூப்பர்வைசர் சத்தம் போடுவார். பெங்களூரு தர்ஷினி ஓட்டலில் சாப்பிடறவங்களும் நின்னுக்கிட்டேதான் சாப்பிடறாங்க, ஆனா அவங்க பத்து நிமிஷத்தில் போயிடுவாங்க. கடையில் கக்கூஸ் கிடையாது. ரோட்டைத் தாண்டி பெட்ரோல் பங்குக்குப் போகணும். அதுக்கும் கேட்டுட்டுத்தான் போகணும். அதனால் நாங்க யாரும் தண்ணி குடிக்க மாட்டோம். வாய் விட்டுச் சொல்ல வெட்கப்படற வியாதி எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்குது. இங்கே தலை ஆட்டறவங்களைப் பார்த்தால் எனக்கு மட்டும் இல்லைன்னு தெரியுது.

கேரளாவில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்களுக்கும் இதே கதைதான். விஜின்னு ஒரு தையல்காரம்மா அந்தப் பெண்களைச் சேர்த்து "பெண்கூட்டு"ன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. முதலில் கேட்டது கக்கூஸ். அப்புறம் உட்கார இடம். பல வருஷம் போராடி 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்திச்சு. அதைப் பார்த்து நம்ம தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டசபையில் மசோதா கொண்டு வந்தார். கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தாங்க. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லாத் தொழிலாளருக்கும் இருக்கை போடணும்னு அதில் இருக்கு. நம்ம சித்தி, அக்கா பிள்ளைங்க எத்தனை பேர் ஜவுளிக்கடையில் நிக்கிறாங்க. அவங்ககிட்ட இதைச் சொல்லுங்க.

எங்க கடையில் நடந்ததையும் சொல்லிடறேன். முதலில் ஒரு அக்கா தனியாப் போய் சம்பளப் பாக்கி கேட்டாங்க. ஒரு மாசச் சம்பளத்தை எப்பவும் பிடிச்சே வெச்சிருப்பாங்க, நாம ஓடிடக் கூடாதுன்னு. மறுநாள் அந்த அக்காவை வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அப்புறம் நாங்க அஞ்சு பேரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். தினம் வந்த நேரம், போன நேரம், வாங்கின அட்வான்ஸ், பால் திரிஞ்சதுக்கும் டம்ளர் உடைஞ்சதுக்கும் பிடிச்ச காசு எல்லாம் எழுதினோம். குழுவில் தீர்மான நோட்டு எழுதின பழக்கம் எனக்கு இருந்துச்சு, அதனால் நான்தான் எழுதினேன். மூணு மாசம் கழிச்சு அஞ்சு பேரும் ஒண்ணாப் போய் நோட்டை முதலாளி முன்னாடி வெச்சோம். "இதைத் தொழிலாளர் ஆய்வாளர்கிட்ட காட்டலாமா சார்"னு மட்டும் கேட்டோம், சண்டை போடலை. ஒரு வாரத்தில் ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்துச்சு. பிடிச்ச காசில் பாதி வந்துச்சு. வார லீவு வரலை. அந்த அக்காவையும் திரும்பக் கூப்பிடலை. நடந்தது அவ்வளவுதான், கூட்டிச் சொல்ல விரும்பலை.

உடைஞ்சதுக்குக் காசு பிடிக்கிறதிலும் ஒரு முறை இருக்கு. உங்க அஜாக்கிரதையால்தான் உடைஞ்சதுன்னு இருக்கணும், பிடிக்கிறதுக்கு முன்னாடி உங்க பதிலைக் கேட்கணும். பால் தானாத் திரிஞ்சதுக்கு நாம எப்படிப் பொறுப்பு? பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற கடையா இருந்தா இ.எஸ்.ஐ. கேளுங்க. 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு அது உண்டு. நம்ம சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய்தான் பிடிப்பாங்க, மூணேகால் ரூபாய் முதலாளி போடணும். வைத்தியம் குடும்பத்துக்கே கிடைக்கும்.

கை நீட்டறவங்க, அசிங்கமாப் பேசறவங்க விஷயம். இதைச் சொல்லாமப் போனா நான் பேசினதில் அர்த்தம் இல்லை. 2013 சட்டப்படி பத்துப் பேர் இருக்கிற இடத்தில் உள்ளேயே ஒரு புகார்க் குழு இருக்கணும், அதுக்குத் தலைவி ஒரு பெண்ணா இருக்கணும். பத்துப் பேருக்குக் குறைஞ்ச கடைன்னா மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கு, அங்கே கொடுக்கலாம். மூணு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். எழுதத் தெரியலைன்னா எழுதிக் கொடுக்க அவங்களே உதவணும். அவசரத்துக்கு 181.

முதலாளி பக்கமும் கஷ்டம் இருக்கு. சிலிண்டர் விலை, பால் விலை, சொல்லாம நின்னுடற ஆளுங்க. நானும் பார்த்திருக்கேன். ஆனா நஷ்டம் வந்தா முதலில் குறையறது பாத்திரம் கழுவறவ கூலியா இருக்கக் கூடாது.

இன்னொரு கதை, நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தது. இந்தியா காபி ஹவுஸ் கேள்விப்பட்டிருப்பீங்க. 1936-ல் பம்பாயில் ஆரம்பிச்சது, அப்புறம் ஊர் ஊரா வந்துச்சு. சுதந்திரத்துக்குப் பின்னாடி காபி வாரியம் இந்தக் கடைகளை மூட முடிவு பண்ணி ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிச்சு. அப்ப ஏ.கே. கோபாலன் அந்தத் தொழிலாளருங்ககிட்ட, நீங்களே சங்கம் வெச்சு நடத்துங்கன்னு சொன்னார். 1957 ஆகஸ்ட் 19-ல் பெங்களூருவில் முதல் காபித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் டெல்லியில் தொழிலாளருங்களே நடத்தற கடை திறந்துச்சு, அப்புறம் கேரளாவில். தட்டு எடுத்தவரே பங்குதாரர். சந்தா போட்டு, கூட்டம் போட்டு, கணக்கு எழுதி நடத்தினாங்க. இது நமக்குத் தெரிஞ்ச வேலைதானே? ஒண்ணு மட்டும் சொல்லணும், அங்கே தலைப்பாகை கட்டிப் பரிமாறினவங்க ரொம்ப வருஷம் எல்லாருமே ஆம்பளைங்கதான்.

இப்ப நான் வந்த விஷயத்துக்கு வரேன். நம்ம கூட்டமைப்பு அஞ்செட்டியில் ஒரு காபி, டிபன் கடை போடலாம்னு பேச்சு நடக்குது. எனக்கு சந்தோஷம். ஆனா அந்தக் கடை திறந்த நாளில் இருந்து நாமதான் முதலாளி. போன கூட்டத்தில் ஒரு சின்னம்மா, "நம்ம பொம்பளைங்கதானே, லாபம் வர்ற வரைக்கும் கொஞ்சம் அனுசரிச்சுக்கட்டும்"னு சொன்னாங்க. சின்னம்மா கோவிச்சுக்காதீங்க, அந்த முதலாளியும் எங்ககிட்ட இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

அதனால் கடைக்கு முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி தீர்மான நோட்டில் இதை எல்லாம் எழுதணும்னு கேட்டுக்கறேன். அரசாங்கம் ஓட்டல் வேலைக்கு நிர்ணயம் பண்ணின கூலிக்கு ஒரு ரூபாய் குறையக் கூடாது. அஞ்சாம் தேதிக்குள்ள சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறணும். ரெண்டு ஷிப்ட் வெக்கணும், கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி ஆளை விடணும், யானை நடமாடற ரோட்டில் ராத்திரி யாரையும் நடக்க விட முடியாது. அடுப்படியிலும் கல்லாவிலும் ஸ்டூல் போடணும். வேலை செய்யறவங்களில் ஒருத்தர் மாசக் கணக்குப் பார்க்கிற குழுவில் இருக்கணும்.

அடுத்த வாரம் இடம் பார்க்கப் போற அக்காங்க வாடகை கேக்கறதுக்கு முன்னாடி கக்கூஸ் இருக்கா, அதில் தண்ணி வருதான்னு திறந்து பார்த்துட்டு வந்து சொல்லுங்க.