திட்ட நிர்வாகப் பயிற்சி: எதைத் தேர்வது?

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் விதையும் அன்று, உரமும் அன்று. ஆயினும், அறுவடை முடிந்து கையில் சிறிது பணம் சேரும் நாட்களில் நம் வீட்டுத் திண்ணைகளில் அடிக்கடி எழுகின்ற பேச்சு அது. பட்டமோ டிப்ளமோவோ பெற்ற பிள்ளை, "திட்ட நிர்வாகம் படித்தால் உடனே உத்தியோகம் கிடைக்குமாம், கட்டணம் கட்ட வேண்டும்" என்று கேட்கிறது. வீட்டிலுள்ள நகையை அடகு வைக்கலாமா என்று தந்தை யோசிக்கிறார். பிறகு உங்களில் ஒருவரிடம் வந்து, "கட்டலாமா, ஐயா?" என்று கேட்கிறார். நாம் சொல்லும் பதிலில் அக்குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பு அடங்கியிருக்கிறது. ஆகவே விஷயத்தைத் தெரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டியவர்களாக இருக்கிறோம்.

திட்ட நிர்வாகம் என்றதும் ஏதோ பெரிய சாஸ்திரம் என்று அஞ்ச வேண்டியதில்லை. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலையைக் குறித்த நாளுக்குள், குறித்த பணத்துக்குள், குறித்த தரத்தில் முடிப்பதே அது. நடுத்தர வயதுடைய நெல்லுக்கு நாற்று 25 முதல் 30 நாள் வளர வேண்டும். அந்த நாட்களில்தான் உழவு, வரப்பு வெட்டுதல், தழையுரம் மிதித்தல் ஆகியவற்றை முடித்துக் கொள்கிறோம். வரப்பு வெட்டுவது இரண்டு நாள் தள்ளிப்போனால் நட்டமில்லை. நாற்று விடுவது ஐந்து நாள் தள்ளிப்போனாலோ, நடவும் ஐந்து நாள் தள்ளிப்போகும். எந்த வேலை தாமதத்தைப் பொறுக்கும், எது பொறுக்காது என்பதை நாம் அனுபவத்தால் அறிவோம். இதனையே 1957இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியார் கணக்காக வகுத்தனர். 1958இல் அந்நாட்டுக் கடற்படையினர் போலாரிஸ் ஏவுகணை வேலைக்காக இதை ஒத்த மற்றொரு முறையை உண்டாக்கினர். இன்று பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கப்படுபவற்றுள் முக்கியமான ஒரு பகுதி இதுவே.

இனி, சான்றிதழ்களைப் பற்றிப் பார்ப்போம். ஏமாற்றம் மிகுதியாக நேர்வது இங்கேதான். நாம் அறிந்த ஓர் இளைஞர், கல்லூரியை விட்டு வந்த அதே ஆண்டில், ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் பெருந்தொகை கட்டிச் சேர்ந்தார். பி.எம்.பி. என்னும் சான்றிதழுக்கு அங்கே பாடம் நடந்தது. பாடத்தில் குறையொன்றும் இல்லை. தேர்வுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோதுதான், பட்டதாரியும் 36 மாதங்கள் திட்டங்களை நடத்திய அனுபவம் காட்ட வேண்டும் என்ற விதி அவர் கண்ணில் பட்டது. பணம் வாங்கியவர்கள் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அடகு வைத்த தாயாரின் வளையல்களை மீட்க இரண்டு போகம் ஆயிற்று.

பி.எம்.பி.யை வழங்குவது 1969இல் அமெரிக்காவில் தோன்றிய திட்ட நிர்வாகக் கழகம். அதே கழகம் தொடக்க நிலையினருக்கென்றே சி.ஏ.பி.எம். என்னும் சான்றிதழையும் வழங்குகிறது. பள்ளி இறுதிக் கல்வியும் 23 மணி நேரப் பயிற்சியும் இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். வேலை அனுபவம் தேவையில்லை. மூன்று மணி நேரத் தேர்வில் 150 வினாக்கள் உண்டு. பிரிட்டனில் உருவான பிரின்ஸ்-2 முறையிலும் அடிப்படைத் தேர்வுக்கு முன் தகுதி கேட்பதில்லை. ஆனால் பிள்ளை தேடும் உத்தியோகத்திற்கான விளம்பரங்களில் அந்தப் பெயர் காணப்படுகிறதா என்று பார்த்த பிறகே அதற்குப் பணம் செலவிடுவது நல்லது. கம்ப்யூட்டர் மென்பொருள் வேலைக்குப் போகிறவர் 'ஸ்க்ரம்' என்னும் முறையைக் கற்பது பொருத்தம். கட்டட வேலைக்குப் போகிறவருக்கு மதிப்பீடு படிக்கவும் கால அட்டவணை போடவும் தெரிவதே முதல் தேவை.

ஆனால் சி.ஏ.பி.எம்.மும் முதற்படி அன்று என்பதே நம் அபிப்பிராயம். முதல் உத்தியோகத்தில் நம் பிள்ளையை யாரும் மேலாளராக அமர்த்தப் போவதில்லை. உதவியாளராகவோ ஒருங்கிணைப்பாளராகவோதான் எடுத்துக்கொள்வார்கள். கூட்டத்தின் முடிவுகளைப் பிழையின்றி எழுதுதல், எந்த வேலை யார் கையில் நிற்கிறது என்று விசாரித்தல், செலவுக் கணக்கை வாரந்தோறும் சரிபார்த்தல் ஆகியவையே அவர் செய்ய வேண்டியவை. அவ்வேலை தமக்கு ஒத்துவருமா என்று முதலில் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கட்டும். மத்திய அரசு 2017இல் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் திட்ட நிர்வாகப் பாடங்கள் வெளியாகின்றன. அவற்றைக் கேட்கக் கட்டணம் இல்லை. தேர்வெழுதிச் சான்று பெறுவதற்கே கட்டணம். கூகுள் கம்பெனியார் 2021இல் புதியவர்களுக்கென வெளியிட்ட பாடம் 'கோர்சேரா' தளத்தில் உள்ளது. அதற்கு மாதச் சந்தா என்பதால், முனைந்து படித்து விரைவில் முடிப்பவருக்குச் செலவு குறையும்; சோம்பியிருப்பவருக்கு ஏறும்.

பணம் கேட்கும் பயிற்சி நிலையத்திற்குப் பிள்ளையுடன் நீங்களும் ஒருமுறை சென்று வாருங்கள். இப்பயிற்சியால் இன்றே எழுதக்கூடிய தேர்வு எது, தேர்வுக் கட்டணம் இதில் அடங்கியதா, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முன்பு படித்தவர் இருவரிடம் தனியாகப் பேச வேண்டும். வேலை உத்தரவாதம் என்று வாயால் சொல்லி, எழுதித் தரத் தயங்குகிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, படிப்பவர் தாமே ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை திட்டமிட்டு எழுத வேண்டுமா என்று விசாரியுங்கள். வினா விடைகளை மனப்பாடம் செய்விப்பதோடு நின்றுவிடும் வகுப்பு நேர்முகத் தேர்வில் கைகொடுக்காது.

அத்தகைய ஒரு வேலை நம் ஊரிலேயே இருக்கிறதே! மேல்நிலை நீர்த்தொட்டி ஒன்று கட்டுவதாக வைத்துக் கொள்வோம். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு, அஸ்திவாரம், கான்கிரீட், அளவுப் புத்தகப் பதிவு என்று வேலை ஒன்றன்பின் ஒன்றாக நகர்கிறது. சாதாரண சிமெண்டுக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்டு ஈரம் காக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. வெயில் காய்கின்ற காலத்தில் 10 நாள் நல்லது. அட்டவணையில் இதற்கு ஒரே நாள் ஒதுக்கும் பிள்ளை இன்னும் கற்க வேண்டியிருக்கிறது என்பதை நம் கொத்தனாரே சொல்லிவிடுவார்.

ஆதலால் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் ஒரு வேலை தீர்மானமாகும்போது, ஊரிலுள்ள படித்த இளைஞர்களையும் பெண்களையும் அழைத்து, அதற்கான கால அட்டவணையை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அத்தாள்களைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டி வையுங்கள். வேலை நடக்க நடக்க, உண்மையான தேதிகளை அவற்றின் பக்கத்தில் அவர்களே குறித்து வரட்டும். தொட்டியில் தண்ணீர் ஏறுகின்ற அன்று, எந்தத் தாள் எத்தனை நாள் பிசகியது, ஏன் பிசகியது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசலாம். அதன்பின் பயிற்சிக்குப் பணம் கட்டுவதா என்பதைப் பற்றி அந்தத் தந்தையுடன் பேசுவது நமக்கும் எளிதாயிருக்கும்.