ஏரி நிரம்பிய அச்சம்

வறண்ட சீமையிலே ஏரி நிரம்புவது திருநாளுக்கு ஒப்பானது. கிணறு வற்றுவதையும் நிலக்கடலை வாடுவதையும் கண்டு பழகிய சித்தூர்ப் பகுதி மக்களுக்கு இதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் 2021ஆம் ஆண்டு நவம்பரில் அவர்கள் நிறைந்த ஏரியைக் கண்டே நடுங்க நேரிட்டது.

வங்கக் கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வினால் அப்போது பெருமழை கொட்டிற்று. சுவர்ணமுகி ஆறு கரைபுரண்டது. திருமலைப் பாதைகளில் மண்ணும் பாறையும் சரிந்தன. திருப்பதிக்கு அருகே, விஜயநகர வேந்தர் காலத்ததாகச் சொல்லப்படும் இராயலசெருவு என்னும் பேரேரியின் கரையில் கசிவு கண்டது. கீழுள்ள ஊர்மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். கரையைப் பலப்படுத்தியதால் ஏரி உடையாமல் தப்பிற்று.

இதற்கும் உலக வெப்பப் பெருக்கத்திற்கும் என்ன தொடர்பு? நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் வாயு மண்டலத்தில் கரியமில வாயு மிகுகிறது. இயந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காக இருந்த அது, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தை அது கம்பளிபோல் தடுத்து வைக்கிறது. இதனால் உஷ்ணம் உயரும் என்பதை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அரீனியஸ் 1896ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் கூறினார்.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால், அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுகிறது. மழையில்லாத நாட்களில் இக்காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. மழை நாளிலோ, சுமந்த நீரையெல்லாம் ஒருசேரக் கொட்டுகிறது. ஆகவே வறட்சியும் வெள்ளமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரே வெப்பத்தின் இரு பிள்ளைகள் எனலாம். இம்மழை முழுவதும் வெப்பப் பெருக்கத்தின் விளைவே என்று சொல்லிவிட முடியாது. இத்தகைய கனமழைக்கான வாய்ப்பு பெருகி வருகிறது என்பதே உண்மை.

திருப்பதியை அடுத்த காதங்கியில் உள்ள ஆராய்ச்சிக் கூடத்தின் பெரிய ரேடார், உயர வானத்துக் காற்றோட்டங்களை அளந்து வருகிறது. வானைக் கவனிக்க விஞ்ஞானிகள் இருக்கின்றனர்; ஏரிக்கரையைக் கவனிப்பவர் யார்?

கரிப்புகையைக் குறைப்பது உலக நாடுகள் அனைத்தின் கடமை. அது நிறைவேறும் வரை வானம் நமக்காகக் காத்திராது. வரத்துக் கால்வாயைத் தூர் வாருவதும், கலிங்கை அடைபடாமல் காப்பதும், நீர்ப்பிடிப்பில் வீடு எழுப்பாதிருப்பதும் நம் கையில் உள்ளவை. முன்னோர் தம் காலத்து மழையை அளந்து கரை எழுப்பினர். நம் காலத்து மழையை அளந்து அக்கரையைக் காப்பது நம் பொறுப்பு. அப்போதுதான் ஏரி நிரம்பும் நாள் மீண்டும் திருநாளாகும்.