ஊர் மாறுவது விதியா, விலையா?

(தாராவி மாட்டுங்கா லேபர் கேம்பில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் எல்லோர் வீட்டிலும் இரவுச் சோற்றுக்குப் பிறகு பேசப்படும் பொருள்தான். "இனி இங்கே கட்டுப்படியாகாது, கல்யாண் பக்கம் போவோமா? நாலாசோப்பாராவில் வாடகை குறைவாமே? திருப்பூரில் வேலை இருக்கிறதாமே? பேசாமல் ஊருக்கே போய்விடுவோமா?" இப்படித்தானே பேசிக்கொள்கிறோம்? பேசி முடித்து, "எல்லாம் தலையெழுத்து" என்று பாயை விரிக்கிறோம். அந்தத் தலையெழுத்தை எழுதிய கை எது என்று பார்ப்பதற்காகவே இங்கே கூடியிருக்கிறோம்.

மனிதன் விரும்பி ஊர் மாறுவது குறைவு. அவனைத் துரத்துபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, வேலை இல்லாமை. மற்றது, குடியிருக்க இடம் கட்டுப்படியாகாமை. நம் பாட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதராஸ் மெயில் ஏறி வந்தது ஊர் சுற்றிப் பார்க்கவா? மழை பொய்த்தது; உழ நிலம் இல்லை; நிலம் உள்ளவன் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியவில்லை. வந்தவர்கள் தாராவியில் தோல் பதனிட்டார்கள். சதுப்பு நிலத்தில் மண்ணையும் குப்பையையும் கொட்டி மேடாக்கி, அதன்மேல் குடிசை போட்டார்கள். இன்று கோடிக்கணக்கில் விலை பேசப்படும் இந்த நிலத்தை நிலமாக்கியது அவர்களுடைய முதுகு.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததா? உலகத்திலேயே பணக்கார நாடு என்கிறார்களே, அந்த அமெரிக்காவைப் பாருங்கள். டெட்ராயிட் என்ற நகரம் மோட்டார் கார் தொழிலின் தலைநகரம். 1950இல் அங்கே 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. சில வேறு இடங்களுக்குப் போயின. 2010இல் எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியவர்கள் சுமார் 7 லட்சம் பேர். போனவர்களில் பலர் தெற்கே டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களுக்கு வேலை தேடிப் போனார்கள். கலிபோர்னியாவின் கதை வேறு. அங்கே வேலை உண்டு. ஆனால் சம்பளக்காரன் வீட்டு வாடகை கொடுத்து மாள முடியவில்லை. அங்கிருந்தும் டெக்ஸாஸுக்குப் போகிறார்கள். ஓரிடத்தில் வேலை போய் மனிதனைத் துரத்தியது. மற்றோரிடத்தில் வாடகை ஏறித் துரத்தியது.

டெட்ராயிட்டில் வேலை போனபோது வீட்டு விலையும் விழுந்தது. ஆளில்லாத ஊரில் வீடு யாருக்கு வேண்டும்? மும்பையில் என்ன நடந்தது? வேலை போனது, வீட்டு விலை மட்டும் மேலே மேலே ஏறியது. இது எப்படி என்று கேட்டீர்களானால், விடை கிரண்காவிலும் லோயர் பரேலிலும் இருக்கிறது.

1982 ஜனவரி 18ஆம் நாள் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர். அந்தப் போராட்டத்துக்கு முறையான முடிவே வரவில்லை. பல்லாயிரம் பேர் திரும்பவும் ஆலைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. நெசவு பிவண்டி, மாலேகாவ், இச்சல்கரஞ்சி விசைத்தறிகளுக்குப் போயிற்று. அங்கே சங்கமும் இல்லை, சட்டக் கூலியும் இல்லை. ஆலை மூடினால் நட்டம் முதலாளிக்குத்தானே என்று வெளியில் உள்ளவர் நினைக்கலாம். ஆலைகள் நின்றிருந்த நிலம் ஏறத்தாழ 600 ஏக்கர், நகரத்தின் நட்டநடுவில். ஓடும் தறியைவிட மூடிய ஆலையின் நிலம் அதிக லாபம் தரும் என்று கணக்குத் தெரிந்த பிறகு தறியை யார் ஓட்டுவார்?

1991இல் ஒரு விதி வந்தது: ஆலை நிலத்தை மூன்று பங்காக்கி ஒன்றைப் பொதுத் திறந்தவெளிக்கும், ஒன்றைப் பொதுமக்கள் வீட்டுக்கும் கொடுக்க வேண்டும், மூன்றாவதுதான் முதலாளிக்கு. 2001இல் அந்த விதியைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றார்கள். ஒரு சொல்லை மாற்றியதில் நகரத்துக்கு வரவேண்டிய நிலம் சுருங்கிப் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; 2006இல் திருத்தமே செல்லும் என்று தீர்ப்பாயிற்று. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று அங்காடி மாளிகை இருக்கிறது. தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் வீடு கேட்டு மனுப் போட்டன. 2024இல் அவர்களுக்கு அரசு காட்டிய இடம் வாங்கணியும் ஷேலுவும். இரயில்வேயில் பேனா பிடிக்கும் நமக்கு அந்த நிலையங்கள் தெரியும்: கர்ஜத் வழியில், வி.டி.யிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்.

ஆக, வேலை போனதும் விலை ஏறியதும் இரு வேறு விபத்துகள் அல்ல. ஒரே நிலத்தில், ஒரே கணக்கில் நடந்தவை. 1966இல் சிவசேனை தோன்றியபோது, மண்ணின் மைந்தனின் வேலையைத் தென்னிந்தியன் பறித்தான் என்று சொல்லி நம்மவர்களை அடித்தார்கள். பிறகு மராட்டியத் தொழிலாளியின் வேலை லட்சக்கணக்கில் போனதே, அதை எடுத்துக்கொண்டு போனது இட்லி விற்றவனா? மராட்டியத் தோழனும் நாமும் ஒரே லோக்கல் வண்டியில்தான் இன்று வெளியே போய்க்கொண்டிருக்கிறோம்.

துரத்துவதற்கு விலை போதாத இடத்தில் போலீசு வரும். 1981 ஜூலையில் முதலமைச்சர் அந்துலே, நடைபாதைவாசிகளை அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பப் போவதாக அறிவித்தார். சேலம் மாவட்டத்தில் பஞ்சத்தால் வேலையிழந்து 1961இல் பம்பாய் வந்த ஒரு தமிழ்த் தொழிலாளி, நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் கூரைக்கு 2,500 ரூபாய் கப்பம் கொடுத்துக் குடும்பத்தோடு இருந்தார். தகிசரில் ஒரு கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். கொட்டும் மழைக்காலத்தில் கூரையைப் பிய்த்து, குடும்பத்தையே சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். அவர் என்ன செய்தார்? மனைவி மக்களை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்; மறுபடியும் நடைபாதையில் ஒதுங்கினார். ஏன்? சேலத்தில் வீடு கிடைத்தாலும் கூலி இல்லை. அவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில்தான் 1985இல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, வாழும் உரிமை என்பதில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று சொன்னது. ஆனால் அதே தீர்ப்பு, முன்னறிவிப்புக் கொடுத்து நடைபாதையிலிருந்து அகற்றலாம் என்றும் சொன்னது. உரிமையை ஏட்டில் பெற்றோம், இடத்தைப் பெறவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இதே பாடத்தை மறுபடியும் படித்தோம். ஒரே நாளில் வேலை நின்றது, வாடகை நிற்கவில்லை. சொந்தக் கூரை உள்ளவன் அரைவயிற்றோடு இருந்து பார்த்தான். வாடகைக்காரன் மூட்டை கட்டினான். மே மாதம் சிறப்பு இரயில்கள் விடும்வரை சாலையில் நடந்தவர்களை நாடே பார்த்தது.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். தாராவிச் சீரமைப்பு என்று 2004 முதல் சொல்லிவந்தார்கள். 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு வேலையைப் பெற்றது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. விதி இப்படி: 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பிறகு 2011க்குள் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டி வீடு. அதற்கும் பிறகு வந்தவருக்கும், மாடியில் இருப்பவருக்கும் வெளியே வாடகை வீடு. பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

மாடியில் இருப்பவர் யார்? நம் தங்கை, நம் மச்சான், அண்டை ஊர்க்காரன். விடியுமுன் மாவாட்டி, இட்லி அவித்து, அண்டாவைச் சைக்கிளில் கட்டி மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் போகிறவர். தோல் பை தைப்பவர். செம்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் தாய். இவர்களுடைய பிழைப்பு, வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. வெளியே கொண்டுபோய் வீடு கொடுத்தால், வீடு வந்த அன்றே வேலை போகும். செம்பூருக்குப் பக்கத்தில் மாகுலில் பார்த்தோமே! எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு நடுவே கட்டிய கட்டடங்களில், குழாய் ஓரத்தில் குடிசை இழந்தவர்களைக் கொண்டுபோய் அடைத்தார்கள். அவர்கள் போராடி, நீதிமன்றம் ஏறி, 2019இல் மாதம் 15,000 ரூபாய் வாடகைப் பணம் கேட்டுப் பெறும் உத்தரவை வாங்கினார்கள். போராடாதிருந்தால் அதுவும் இல்லை.

ஒரு கசப்பான உண்மையையும் நமக்குள் பேசியாக வேண்டும். கீழே இருக்கும் வீட்டுக்காரரும் தமிழர். மேலே இருக்கும் வாடகைக்காரரும் தமிழர். கீழ்வீட்டுக்காரர்களில் சிலர், "நமக்கு 350 கிடைத்தால் போதும், மேலே இருப்பவனைக் காலி பண்ணு" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பத்தாண்டு வாடகை வாங்கிய கை, ஒரு ரசீது எழுதித்தர மறுக்கிறது. பொங்கலுக்கு மேடையில் ஒன்றாக நின்று தமிழன் என்று முழங்கிவிட்டு, படிக்கட்டில் பிரிந்து நிற்பது என்ன ஒற்றுமை? கீழ்த்தளம் மட்டும் பேசும் சங்கம், பாதிச் சங்கம். மேலே உள்ளவர்களை அப்புறப்படுத்திய பிறகு, கீழே உள்ளவர்கள் எண்ணிக்கை குறைந்து, குரலும் குறைந்து, தனித்தனியாகக் கையெழுத்துப் போடுவார்கள். பிரிந்தவனிடம் பேரம் பேசுவது எளிது என்பது எதிரே இருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே சங்கம் இந்த முடிவுகளை உங்கள்முன் வைக்கிறது. ஒன்று: வீட்டுக்காரத் தோழர்கள் ஒவ்வொருவரும் தம் வாடகைக்காரருக்கு, குடிவந்த ஆண்டைக் குறித்து ரசீதும் கையெழுத்தும் கொடுக்க வேண்டும். இரண்டு: ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், மின்சார பில், பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து, இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்கு எழுதித் தர ஞாயிறு தோறும் சங்கத்தில் ஆள் இருப்பார்கள். மூன்று: எந்தத் தாளிலும் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள், படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான்கு: நம் கோரிக்கை ஒன்றாக இருக்கட்டும். கீழ்த்தளம், மேல்தளம் என்று பாராமல், இங்கே வாழ்ந்து உழைப்பவருக்கு இங்கேயே இடம். வீட்டுக்குக் கணக்கெடுக்கும்போது அந்த வீட்டில் நடக்கும் தொழிலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைக்கு மராட்டிய, உத்தரப்பிரதேச, குஜராத்தி, முஸ்லிம் தோழர்களின் சங்கங்களையும் அழைக்கப் போகிறோம். கும்பார்வாடாவின் சூளையும் கோலிவாடாவின் வலையும் நம் இட்லிப் பானையும் ஒரே ஆபத்தில் இருக்கின்றன.

ஊர் மாறுவது பாவமல்ல. நல்ல வேலை கிடைத்துப் போகிறவனை மாலை போட்டு வழியனுப்புவோம். போக மனமில்லாதவனை விலையால் துரத்துவதைத்தான் எதிர்க்கிறோம். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கத்துக்கு வாருங்கள். வீட்டுக்காரர் தம் வாடகைக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.