மர்ம நாவல்களும் சின்னத்திரையும்

(சித்தூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் வழக்கமாக உபநிஷத்தைப் பற்றிப் பேசுவார்கள், ஆசார்யர்களைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கு அடுத்தபடியாகச் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுவார்கள். கொலை, கொள்ளை, துப்பறிதல் என்ற தலைப்பை நான் சொன்னதும் செயலாளர் சற்றுத் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் காலேஜ் நாளில் மாலைமதி ஒன்றுவிடாமல் படித்தவன்தான் சார்" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது.

நான் ரசாயனம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரி. வணிக வரித் துறையில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியவன். ரசீது ஒன்று சொல்லும், பேரேடு வேறொன்று சொல்லும், இரண்டுக்கும் நடுவில் உண்மை உட்கார்ந்திருக்கும். அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, துப்பறியும் கதை என்றால் இந்த வயதிலும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

படித்த கதை தொலைக்காட்சியில் தொடராக வந்தால் நம் வீடுகளில் எல்லாரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "புஸ்தகத்துல இருந்த மாதிரி இல்லை." முதல் காட்சியிலேயே சொல்லிவிடுவார்கள். இந்தப் புகார் எவ்வளவு தூரம் நியாயம் என்பதைத்தான் இன்று பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

நம் பக்கத்து நிலைமை வெளியூர் அன்பர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1911-ல் சித்தூர் தனி ஜில்லா ஆவதற்கு முன், இந்த ஊர் வட ஆற்காட்டைச் சேர்ந்தது. ஜில்லா மாறியது, பிறகு ராஜ்யம் மாறியது, 2022-ல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் போய்விட்டது. ஆனால் நம் வீட்டுக்குள் பேச்சு தமிழ்தான். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், ஆபீஸில் இங்கிலீஷ். நாங்கள் வேலையில் சேர்ந்த காலத்தில் தமிழ்ப் பாக்கெட் நாவல் வேண்டுமானால் காட்பாடி ஸ்டேஷன் புத்தகக் கடையில்தான் நிற்போம். காட்பாடியில் வாங்கி, மீட்டர் கேஜ் வண்டியில் ஏறி, சித்தூர், பாகாலா தாண்டித் திருப்பதி போய்ச் சேருவதற்குள் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடும். வண்டியின் வேகத்துக்கும் நாவலின் நீளத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

இப்போது சாம்புவிடம் வருகிறேன். தேவன் என்ற ஆர். மகாதேவன், ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்புவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் நம்மில் குறைவு. பாங்கு குமாஸ்தா வேலை போன ஒரு அசடு, தப்புத் தப்பாக ஏதோ செய்ய, அது சரியாகப் போய் முடியும். இன்ஸ்பெக்டர் கோபாலன் முதல் ஊரார் வரை அவனை மேதாவி என்று கொண்டாடுவார்கள். கதையின் ருசி எங்கே இருக்கிறது? சாம்புவின் மண்டைக்குள் ஒன்றுமே இல்லை என்பது படிக்கிற நமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அந்த வேடிக்கையைத் தேவன் கதை சொல்லும் குரலிலேயே வைத்திருக்கிறார். இதைத் தொலைக்காட்சியில் எப்படிக் காட்டுவது? மண்டைக்குள் காமிராவை வைக்க முடியாதே! காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்தபோது அந்தப் பாரத்தை முழுக்கத் தன் முகத்திலேயே தாங்கினார். கண்ணை ஒரு தரம் கொட்டினால் போதும், உள்ளே காலி என்று நமக்குப் புரிந்துவிடும்.

ஆனாலும் எனக்குத் தெரிந்த ஒரு மாமா சமாதானம் ஆகவில்லை. "எல்லாம் சரி, மூக்கு போதாது" என்றார். அவர் மனசில் இருந்த மூக்கு எது? விகடனில் ராஜு வரைந்த மூக்கு, பின்னால் படக்கதையில் கோபுலு வரைந்த மூக்கு. அதே போல, சுஜாதாவின் கணேஷும் வசந்தும் பலருக்கு ஜெயராஜ் வரைந்த முகத்தோடுதான் மனசில் இருக்கிறார்கள். 1978-ல் 'ப்ரியா' படத்தில் ரஜினிகாந்த் கணேஷாக வந்தபோது, ரஜினி ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். நாவல் படித்தவர்கள் வக்கீலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நாமாகக் கற்பனை செய்த முகம் போய்விட்டது என்கிறோம். பாதி முகத்தை ஓவியர் எப்போதோ நமக்குக் கொடுத்துவிட்டார் என்பதை மறந்துவிடுகிறோம். ஆகவே முகத்தைப் பற்றிய புகாரை நான் அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை. பத்து வாரம் போனால் பழகிவிடும்.

பழகாத விஷயம் வேறொன்று உண்டு. அது இலக்கணம். சிரிக்காதீர்கள்.

நடுநிசியில் ஒருவர் சுவரேறிக் குதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் அதை எழுத வேண்டும். 'குதித்தான்' என்றால் ஆண் என்று தெரிந்துவிடும். 'குதித்தாள்' என்றால் பெண். பாதிப் பேர் சந்தேகப் பட்டியலில் இருந்து உடனே விலகிவிடுவார்கள். அதனால் நம் மர்மக்கதை எழுத்தாளர்கள் ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். 'அந்த உருவம் சுவரேறிக் குதித்தது.' அஃறிணையில் ஆளை ஒளித்துவிட்டார்கள்! ஆணா, பெண்ணா, இளைஞனா, கிழவரா, ஒன்றும் தெரியாது. அதற்கும் மேலே போனால் 'டாக்டர் வந்தார்' என்று மரியாதையில் ஒளிப்பார்கள். இருபது பக்கம் ஆண் என்று நினைத்துக்கொண்டிருப்போம், கடைசியில் டாக்டர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வார்.

தெலுங்கில் இந்த வித்தை வேறு மாதிரி. அங்கே 'வச்சாடு' என்றால் ஆண். 'வச்சிந்தி' என்றால் பெண்ணும்தான், அஃறிணையும்தான். 'ஆகாரம் கதிலிந்தி' என்று கொம்மூரி சாம்பசிவராவின் டிடெக்டிவ் யுகந்தர் பாணிக் கதை ஒன்றில் வந்தால், உருவம் நகர்ந்தது என்று அர்த்தம். (ஆகாரம் என்பது இங்கே சாப்பாடு அல்ல.) உருவம் நகர்ந்ததா, அந்தப் பெண் நகர்ந்தாளா என்று வினைச்சொல்லை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. இரண்டு பாஷையிலும் படிக்கிற சித்தூர்க்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் சுகம் இது.

காமிராவுக்கு இந்த வசதி கிடையாது. காமிராவில் அஃறிணை இல்லை. சுவரேறிக் குதிப்பவருக்குத் தோள் உண்டு, நடை உண்டு, உயரம் உண்டு. அதனால்தான் கையுறையைக் காட்டுகிறார்கள், பூட்ஸைக் காட்டுகிறார்கள், கறுப்புச் சால்வை போர்த்திய முதுகைக் காட்டுகிறார்கள். 1950-ல் வந்த 'திகம்பர சாமியார்' ஞாபகம் இருக்கிறதா? வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவல். நம்பியார் பல வேஷங்களில் வருவார். புத்தகத்தில் மாறுவேஷம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், சாமியாரை யாராலும் அடையாளம் காண முடியாது. படத்தில் எத்தனை தாடி ஒட்டினாலும் நம்பியார் வாயைத் திறந்ததும் அகப்பட்டுக்கொள்வார்.

சின்னத்திரையில் இன்னொரு சங்கடம். என் சகதர்மிணி இதுவரை ஒரு தொடரிலும் ஏமாந்ததில்லை. அவளுக்குத் தடயமே வேண்டாம். "இவ்வளவு பெரிய நடிகரைக் கூப்பிட்டு, பால் பாக்கெட் கொண்டுவந்து கொடுக்கிற வேஷமா கொடுப்பா? இவன்தான் செஞ்சிருக்கான்" என்று இரண்டாம் வாரத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சரியாக இருக்கும். சினிமா சங்கத்தின் சம்பள விகிதம் துப்பறிய உதவுவதைப் போல ஷெர்லக் ஹோம்ஸின் பூதக்கண்ணாடிகூட உதவாது.

இந்தச் சங்கடத்தை நன்கு உணர்ந்தவர் சத்யஜித் ராய். அவரே எழுத்தாளர், அவரே டைரக்டர். 1971-ல் வந்த தன் ஃபெலூடா நாவல் 'சோனார் கெல்லா'வை 1974-ல் படமாக்கியபோது ஒரு காரியம் செய்தார். நாவலில் கடைசிவரை மறைத்து வைத்த வில்லன்களைப் படத்தில் ஆரம்பத்திலேயே காட்டிவிட்டார். இவர்கள்தான் அயோக்கியர்கள், ஃபெலூடா எப்போது கண்டுபிடிக்கப் போகிறார், பாருங்கள் என்று விட்டுவிட்டார். எழுத்தில் ஒளித்தது திரையில் ஒளியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? சொந்தக் கதையையே இப்படி மாற்றியவரை யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதே ஃபெலூடா 1980-களில் தூர்தர்ஷனில் 'கிஸ்ஸா காத்மாண்டு கா' என்று ஹிந்தியில் வந்து, சசி கபூர் நடித்தபோது, சௌமித்ர சட்டர்ஜியைப் பார்த்துப் பழகிய வங்காளிகளால் ஏற்க முடியவில்லை. அங்கேயும் மூக்குப் பிரச்னைதான்! 1993-ல் பாசு சட்டர்ஜி எடுத்த 'பியோம்கேஷ் பக்ஷி' மட்டும் வங்காளத்திலும் வெளியிலும் ஒருசேர நல்ல பெயர் வாங்கியது. நம் ஊரில் ஹிந்தி பிரசார சபாவில் ராஷ்ட்ரபாஷா பாஸ் பண்ணிய மாமிகள் அந்த அரை மணி நேரமும் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பட்ட பாடு வீண் போகவில்லை என்று அவர்களுக்கு அப்போதுதான் திருப்தி.

தமிழில் நான் மிகவும் மதிப்பது 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் விகடனில் 'விட்டுவிடு கருப்பா' என்று எழுதிய தொடர்கதை. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, நாகா டைரக்ட் செய்து, 1990-களின் பிற்பகுதியில் 'மர்மதேசம்' வரிசையில் சன் டி.வி.யில் வந்தது. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டி.வி. தொடங்கியபின்தான் கேபிள் வழியாகத் தமிழ் நம் ஆந்திர வீடுகளுக்குள் தடையின்றி வந்தது. அதற்கு முன் நகரி, புத்தூர்ப் பக்கம் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, காற்றடித்தால் மொட்டை மாடிக்கு ஓடித் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

கருப்புச் சாமி தண்டிக்கிறாரா, மனிதன் யாராவது சாமி பெயரில் செய்கிறானா என்பதுதான் கதை. விடையை நான் சொல்ல மாட்டேன், இங்கே பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தொடரில் அவர்கள் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். இரவில் குதிரையும் அதன்மேல் ஒரு ஆளும் வருவதைக் காட்டினார்கள். அது தெய்வமாக இருக்கலாம் என்ற எண்ணம் மனசில் விழுந்தவுடன், ஆணா பெண்ணா என்ற கேள்வியே நமக்கு எழவில்லை. நாவலாசிரியர் அஃறிணையில் செய்ததை இவர்கள் பக்தியில் செய்துவிட்டார்கள். வாரம் ஒரு தரம் வந்ததும் ஒரு நன்மை. நடுவில் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளில் ஆபீஸில் விவாதம், கோயில் பிராகாரத்தில் விவாதம். விகடனுக்காகக் காத்திருந்த பழைய சுகம் அதில் கொஞ்சம் இருந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானார். அந்தத் தொடரை இன்றும் யூடியூபில் பார்க்கிறார்கள்.

திரை எழுத்தைக் கெடுக்கும் என்கிறோம். சில சமயம் திருத்துவதும் உண்டு. இங்கிலாந்தில் காலின் டெக்ஸ்டர் எழுதிய இன்ஸ்பெக்டர் மோர்ஸ் கதைகளில் உதவியாளர் லூயிஸ் முதலில் வயதானவர், வேல்ஸ்காரர். 1987-ல் தொலைக்காட்சிக்கு வந்தபோது அவரை இளைஞராக்கினார்கள். மோர்ஸுக்கு ஜாகுவார் கார் கொடுத்தார்கள். டெக்ஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பின்னால் எழுதிய நாவல்களில் தானே அதற்கு ஏற்றாற்போல் எழுதிவிட்டார்.

இவ்வளவும் சொன்னது ஒரு காரணத்துக்காக. "புஸ்தகம் மாதிரி இல்லை" என்று சொல்வதற்குப் புஸ்தகம் படித்திருக்க வேண்டும். நம் பேரக் குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தமிழ் எழுத்துத் தெரியும்? சித்தூர், திருப்பதி மட்டும் இல்லை. ஹைதராபாத், புனே, டில்லி, எல்லா இடத்திலும் இதே கதைதான். பேசுவார்கள், காதால் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. அவர்களுக்குச் சாம்பு என்றால் திரையில் பார்க்கிற சாம்புதான், கருப்பு என்றால் யூடியூப் கருப்புதான். நாம் அதையும் குறை சொன்னால், அவர்கள் அதையும் விட்டுவிட்டு வேறு பாஷைத் தொடருக்குப் போய்விடுவார்கள்.

போன கோடை விடுமுறையில் திருப்பதியில் இருக்கும் என் பேத்தி 'விடாது கருப்பு' முழுவதையும் நான்கே நாளில் பார்த்து முடித்துவிட்டு, "தாத்தா, இந்த மாதிரி வேற இருக்கா?" என்று கேட்டாள். அலமாரியில் இருந்த ஒரு பழைய பாக்கெட் நாவலை எடுத்து உரக்கப் படித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே உருவம் வந்துவிட்டது. நிறுத்தச் சொன்னாள். "உருவம்னா பாயா, கேர்ளா?" "அதைத்தான் எழுதினவர் சொல்ல மாட்டேங்கிறார்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "சீட்டிங்! சரி, மேலே படி" என்றாள். ராத்திரி பதினொன்றரை வரை படித்தேன், தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் காலையில் அந்தப் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'உருவம்' என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டச் சொன்னாள். 'உ' அவளுக்கு ஏற்கெனவே தெரியும், பிள்ளையார் சுழி. 'ரு', 'வ', 'ம்' மூன்றையும் அன்று கற்றுக்கொண்டாள்.

ஆகவே கிளை நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை இந்த ஹால் காலியாகத்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் குழந்தைகளை உட்காரவைத்து, ஒருவர் கதை படிக்கட்டும். உபதேசக் கதை வேண்டாம், சாம்புவில் ஆரம்பிக்கலாம். முதலில் அரை மணி படிப்பு, முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு, மிச்சம் அடுத்த மாதம். தொலைக்காட்சியில் வந்த கதையாக இருந்தால் இன்னும் நல்லது. "டி.வி.ல இருந்த மாதிரி இல்லை" என்று குழந்தைகள் புகார் சொல்லட்டும்.

பைண்டு செய்த பழைய தொடர்கதைகள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தயவுசெய்து கொண்டுவாருங்கள். கடைசிப் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். படிக்க முன்வருபவர்கள் காபி சாப்பிட்டதும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். முதல் மாதம் நான் படிக்கிறேன்.