காணிக்கையும் நம்பிக்கையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கிறிஸ்தவ ஈகையைப் பற்றியும், உலக சுகங்களை நம்பாமல் இறைவனை நம்பும் வாழ்வைப் பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டவுடன் எனக்குச் சிறிது தயக்கம் உண்டாயிற்று. உலக சுகங்களைத் துறந்துவிடுங்கள் என்று ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் உழைப்பாளி மக்களிடம் சொல்ல யாருக்கு உரிமை உண்டு? 2023ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, வலையும் படகும் கறுத்துப்போய் நின்ற மீனவரிடம், உள்ளது போதும் என்றிருங்கள் என்று போதிப்பது பக்தியாகாது. துறப்பதற்கு ஏதேனும் உடையவனிடத்தில் பேச வேண்டிய பேச்சு அது. ஆகவே, கையில் இருந்ததை இழக்கத் துணிந்த சிலரைப் பற்றியே முதலில் சொல்ல விரும்புகிறேன்.

1837ஆம் ஆண்டில் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துப் போதகர் சென்னைக்கு வந்து ஒரு பள்ளியை ஏற்று நடத்தலானார். இன்றைய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அதன் வழிவந்ததே. ஆங்கிலக் கல்வியை நாடி மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே திரண்டனர். மறு ஆண்டே சோதனை வந்தது. தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவர் சிலரும் அப்பள்ளியில் பயில்கின்றனர் என்ற செய்தி வெளிப்பட்டது. அவர்களை நீக்கியாக வேண்டும் என்று மற்றவர்கள் கோரினார்கள். ஆண்டர்சன் மறுத்துவிட்டார். மாணவர் பலர் பள்ளியை விட்டு வெளியேறினர்.

நண்பர்களே, அந்த மனிதரின் நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். அயல்நாட்டிலிருந்து வந்து ஓராண்டே கடந்திருக்கிறது. அவருடைய ஊழியம் முழுவதும் அந்தப் பள்ளிதான். மாணவர் போய்விட்டால் பள்ளி இல்லை. அனுப்பிவைத்தவர்களுக்கு என்ன மறுமொழி எழுதுவது? இரண்டு மூன்று சிறுவரை ஓசையின்றி வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, நூறு பேருக்குக் கல்வி கொடுப்பதே விவேகம் என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருப்போம்! பின்னர் மாணவர் மீண்டும் வந்தனர், பள்ளியும் வளர்ந்தது என்பது மெய்யே. ஆனால் மறுத்துச் சொன்ன அன்றைக்கு அது அவருக்குத் தெரியாது. இறைவன்மேல் நம்பிக்கை என்று நான் சொல்வது அந்த ஒரு நாளைத்தான்.

அவர் மதம் பரப்ப வந்தவர்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் கொடுத்தது என்னவென்று பாருங்கள். நமக்கு அரிசி கொடுத்தவர்கள் உண்டு, பழந்துணி கொடுத்தவர்கள் உண்டு. தம் பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? ஆண்டர்சன் இடம் கொடுத்தார். கொடுத்த இடத்தைத் திரும்பப் பறிக்க மறுத்தார்.

1843இல் அவருடைய தாய்நாட்டிலும் ஒரு பெரும் பிளவு நேர்ந்தது. சபையார் விரும்பாத போதகரையும் நிலக்கிழார்கள் அவர்கள்மேல் திணிக்கும் வழக்கத்தை எதிர்த்து, 450க்கும் மேற்பட்ட போதகர்கள் தம் ஆலயத்தையும் குடியிருந்த வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியே வந்து, ஸ்காட்லாந்து சுயாதீன சபையை அமைத்தனர். இந்தியாவிலிருந்த மிஷனரிகளும் அவர்களோடு சேர்ந்தனர். ஏழை எளியோர் வாரந்தோறும் கொடுத்த ஒரு பென்னிக் காசும் அந்தச் சபையைத் தாங்கிற்று.

ஆனால் அதே சபை மறு ஆண்டே அமெரிக்காவில் நிதி திரட்டியபோது, அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளின் பணத்தையும் வாங்கிக்கொண்டது! அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பிரடெரிக் டக்ளஸ் 1846இல் ஸ்காட்லாந்துக்கே வந்து, அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்புமாறு ஊர் ஊராக முழங்கினார். சபை அனுப்பவில்லை. வீட்டையும் சம்பளத்தையும் துறந்தவர்களுக்கு அந்த நன்கொடையைத் துறக்க மனம் வரவில்லை. காணிக்கைத் தட்டில் விழும் காசு எவருடைய முதுகிலிருந்து வந்தது என்று கேட்பது நம் போன்றவர்களுக்கே உரிய கேள்வி. அதை நாம் கேட்காவிட்டால் வேறு எவர் கேட்பார்?

அந்தச் சபையின் வழியாகத்தான் 1880களின் இறுதியில் மருத்துவர் மெட்டில்டா மக்ஃபெயில் அம்மையார் சென்னைக்கு வந்தார். சிறு மருந்தகமாகத் தொடங்கிய அவருடைய பணி, 1914இல் ராயபுரத்தில் கிறிஸ்டினா ரெயினியின் பெயரால் மருத்துவமனையாயிற்று. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘ரெயினி ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் இடம் அதுதான். இளமையில் வந்த அம்மையார் இந்த மண்ணில் ஏறத்தாழ 40 ஆண்டுகளைச் செலவிட்டார்.

கொடுத்தவர்கள் எல்லாரும் கடல் கடந்து வந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ராயபுரத்தின் பெயருக்கே காரணமான இராயப்பர் ஆலயம் 1829இல் இவ்வூர்ப் படகோட்டிகள் தம் உழைப்பின் ஊதியத்தைக் கொண்டு எழுப்பியது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் இல்லை. தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கையும் மனிதரையும் மசூலாப் படகுகளில் ஏற்றி, அலைகளைக் கடந்து கரைசேர்த்தவர்கள் அவர்கள். காலையில் போனவன் மாலையில் திரும்புவான் என்பதே உறுதியில்லாத பிழைப்பு. அந்தக் கூலியிலிருந்துதான் கொடுத்தார்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று எடுத்துவைக்கும் நம் தாய்மாரும் அந்த வரிசையைச் சேர்ந்தவர்களே.

ஏழை விதவையின் இரண்டு காசுகளை இயேசு புகழ்ந்தார் என்று அடிக்கடி பிரசங்கிக்கிறார்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சிப்பவர்களை அவர் கடிந்துகொண்டது அதற்குச் சற்று முன்புதான் என்பதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். அவளுடைய கடைசிக் காசைக் கேட்டு நான் இங்கு வரவில்லை.

நான் கேட்க வந்தது நம் படித்த இளைஞர்களை. இத்தகைய சங்கங்களின் உதவியால் படித்து, நிலையான உத்தியோகம் பெற்று, வேறு பகுதிகளில் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். நல்ல வீடு வேண்டுமென்று விரும்பியதில் பிழையேதும் இல்லை. மூன்று தலைமுறை ஒழுகும் கூரையின்கீழ் வாழ்ந்தவர்களுக்கு அது நியாயமான ஆசை. ஆனால் வீட்டுக்கடன் தீரட்டும், தங்கையின் திருமணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்களே, அந்தப் ‘பிறகு’ எப்போது வரும்? ஒப்பந்தக் கூலியாக வேலை செய்யும் தகப்பன், அடுத்த மாதம் வேலை உண்டா என்று அறியாமலே சங்கத்துக்குச் சந்தா கொடுத்துவிடுகிறான். மாதச் சம்பளக்காரருக்கோ எதிர்காலத்தைப் பற்றி அச்சம்!

பணம் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் ஒரு பையனையோ பெண்ணையோ உங்கள் வீட்டு மேசையருகே உங்கள் பிள்ளையோடு அமர்த்திப் படிக்கச் செய்யுங்கள். கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் நாளில் அலுவலில் விடுப்பெடுத்து உடன் செல்லுங்கள். அயல்வீட்டார் ஏதேனும் கேட்டால், இவன் எங்கள் பிள்ளை என்று சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்தபின் செயலாளர் ஒரு குறிப்பேட்டுடன் வாயிலருகே இருப்பார். இவ்வாண்டு எந்த மாணவருக்கு எந்தப் பாடத்தில் உதவி தேவை என்பதை அதில் எழுதிவைத்திருக்கிறார். எதிரே உள்ள இடம் காலியாக இருக்கிறது. அதில் உங்கள் பெயரை எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.