கன்னம் காட்டிக்கொடுத்த காலம்

(கருத்தரங்கத் தலைமை உரை)

  

எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் மனநலத்தையும் உடல் மாற்றங்களையும் ஒரே தலைப்பில் சேர்த்ததற்கு அமைப்பாளர்களுக்கு நன்றி. வழக்கமாக இவை இரண்டும் வேறு வேறு அரங்குகளில் பேசப்படும். உடம்பில் கொழுப்பு இடம் மாறுவது மருந்தியல் அமர்வுக்குப் போகும்; மனச்சோர்வு மனநல அமர்வுக்குப் போகும். மாத்திரை வாங்க மாதாமாதம் வரிசையில் நிற்பவருக்கோ இரண்டும் ஒரே துன்பம்தான். அது எப்படி ஒன்றானது என்பதைச் சொல்லவே இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். ஆண்டு 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. அதன் பிறகு வந்த விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் பலவற்றில் மண்டையோடு இருந்தது, எலும்பும் தோலுமான உருவம் இருந்தது. எய்ட்ஸ் என்றால் ஒட்டிய கன்னம் என்று ஒரு தலைமுறைக்கே நாம் சொல்லிக்கொடுத்தோம். பிறகு வந்த துயரத்துக்கு அந்தப் பாடமும் ஒரு காரணம்.

2004 ஏப்ரல் 1 அன்று எச்.ஐ.வி.க்கான மைய அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் ஆகிய மூன்றும் சேர்ந்த மருந்து அப்போது பரவலாகக் கொடுக்கப்பட்டது. விலை குறைவு, கிடைப்பதும் எளிது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்த மருந்தால் பிழைத்தவர்கள் இந்த அரங்கிலும் இருக்கக்கூடும். ஆகவே ஸ்டாவுடினைப் பற்றி நான் நன்றியோடுதான் பேசத் தொடங்குகிறேன்.

ஆனால் ஓராண்டு, இரண்டாண்டு கழிந்ததும் பலருடைய முகம் மாறியது. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா தன் மரபணுவைப் படியெடுக்க உதவும் நொதியை இந்த மருந்து முடக்குகிறது. அதனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்புச் செல்கள் அழிகின்றன. கன்னம் டொக்கு விழும். கைகால் மெலிந்து நரம்பு புடைக்கும். இடுப்புக்குக் கீழே சதை வற்றிப்போய், பேருந்தின் பலகை இருக்கையில் உட்கார்ந்தாலே வலிக்கும். மற்றொரு வகை எச்.ஐ.வி. மருந்தான புரோட்டியேஸ் தடுப்பான்களைச் சாப்பிட்டவர்களிடம் கொழுப்பு இடம் மாறுவதை சிட்னியைச் சேர்ந்த ஆண்ட்ரூ கார், டேவிட் கூப்பர் குழுவினர் 1998இலேயே விவரித்திருந்தார்கள். முகமும் கைகாலும் வற்ற, வயிறும் பிடரியும் பருக்கும். கணவரை இழந்த பெண்ணின் வயிறு பெருத்தால் ஊர் என்ன கேட்கும் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆய்வகச் சீட்டில் நோய் எதிர்ப்புக்கான சிடி4 செல்களின் எண்ணிக்கை ஏறியிருக்கும், வைரஸ் இறங்கியிருக்கும். வெளியே தெருவில், "என்ன இப்படி இளைச்சுட்டீங்க, சுகரா?" என்று கேட்பார்கள். "ஆமாம், சுகர்தான்" என்று பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டவர்கள் எத்தனை பேர்! யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை ஒருவருக்கு உண்டு. உயிரைக் காத்த மாத்திரையே அந்த உரிமையைப் பறித்துக்கொண்டது. கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்தினார்கள். முழுக்கை ரவிக்கை தைத்துக்கொண்டார்கள். சிலர் மாத்திரையையே நிறுத்தினார்கள். இடையில் நிறுத்தினால் வைரஸ் மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளும் என்று தெரிந்தும் நிறுத்தினார்கள். இதை வெறும் அழகுக் கவலை என்று ஒதுக்கிய மருத்துவத்தை நான் ஏற்கவில்லை. முகம் என்பது ஒருவர் ஊருக்குள் நடமாடுவதற்கான அனுமதி.

ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009 நவம்பரில் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. மருந்தை மாற்றினாலும் போன கொழுப்பு மெதுவாகத்தான் திரும்பும், முழுதாகத் திரும்பாது. குழிந்த கன்னத்தை ஊசி வழியே நிரப்பும் பாலி லாக்டிக் அமிலத்துக்கு அமெரிக்காவில் 2004இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. நம் இலவசத் திட்டம் தொடங்கிய அதே ஆண்டு! இங்கே அது வசதி படைத்தவர்களின் அழகுச் சிகிச்சையாகவே நின்றுவிட்டது.

ஸ்டாவுடின் பழங்கதை என்று இளம் ஆய்வாளர்கள் நினைக்க வேண்டாம். பிறப்பிலேயே தொற்று பெற்று, சிறுவயதில் அந்த மருந்தைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இன்று இருபது வயதைத் தாண்டியவர்கள். வளர்ச்சி குன்றியவர்களும் பூப்படைவது தள்ளிப்போனவர்களும் அவர்களில் உண்டு. பலர் பெற்றோரை இழந்து, தாத்தா பாட்டியிடமோ விடுதியிலோ வளர்ந்தவர்கள். பெண் பார்க்கும் பேச்சும் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் வரும் வயதில் அவர்களுடைய மனநிலையை யார் கேட்கிறார்கள்? இந்தக் கருத்தரங்குக்கு நான் முதலில் கொடுக்க விரும்பும் வேலை அதுதான்.

அடுத்தடுத்து வந்த மருந்துகளும் மனத்தையும் உடம்பையும் தொடாமல் போவதில்லை. எஃபவிரென்ஸ் கொடுங்கனவையும் தலைச்சுற்றலையும் தந்தது. சிலரைத் தற்கொலை எண்ணம் வரை தள்ளியது. அதன் இடத்துக்கு வந்த டோலுடெக்ராவிர் மிக நல்ல மருந்து. ஆனால் உடல் எடை கூடுகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த அட்வான்ஸ் ஆய்வு, பெண்களுக்கு எடை அதிகம் ஏறுவதை 2019இல் காட்டியது. அது மருந்தின் வேலையா, நோய் தணிந்து உடல் தேறியதா, பழைய மருந்து அடக்கி வைத்திருந்த எடை வெளிப்படுவதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இளைப்பதைக் கண்டு நடுங்கிய தலைமுறைக்கு எடை கூடுவது நல்ல சேதி. "உடம்பு தேறிட்டீங்க" என்று கேட்கக் காத்திருந்தவரிடம் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பற்றி எச்சரிக்கும்போது, அவருடைய மகிழ்ச்சியையும் மதித்துப் பேசத் தெரிய வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளோரிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று 2001இல் வெளிவந்த தொகுப்பாய்வு கணித்தது. அதை அளக்க நாம் பெரிதும் நம்பியிருக்கும் பி.எச்.க்யூ-9 வினாநிரலில் தூக்கம், களைப்பு, பசி பற்றிய கேள்விகள் உள்ளன. இவை மூன்றும் தொற்றாலும் வரும், மருந்தாலும் வரும். மறுபுறம், கண்ணாடி பார்ப்பதைத் தவிர்க்கிறீர்களா, குடும்பப் படம் எடுக்கும்போது ஒதுங்கிவிடுகிறீர்களா என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை. நம் மக்களின் பேச்சிலிருந்தே அப்படிப்பட்ட கேள்விகளை உருவாக்கிச் சோதித்துப் பார்க்க வேண்டும். இடுப்புச் சுற்றளவை எடுக்க ஒரு டேப் போதும். ஒவ்வொரு மையத்திலும் எடை எழுதும் அட்டையிலேயே அதையும் எழுதலாம்.

மனநல மருத்துவர்கள் போதாது என்ற பதிலை நான் அறிவேன். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா தொடங்கிய 'நட்புப் பலகை' திட்டத்தில், பயிற்சி பெற்ற எளிய பெண்கள் மருத்துவமனை வளாகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேசியே மனச்சோர்வைக் குறைத்ததை 2016இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. அதில் பங்கேற்றவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்களும் பெரும் அளவில் இருந்தார்கள். 1990களின் இறுதியிலேயே எச்.ஐ.வி. உள்ளோரின் கூட்டமைப்புகள் பிறந்த ஊர் சென்னை. அந்தப் பெஞ்சில் உட்காரத் தகுதியானவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையான பயிற்சியும் ஊதியமும் கொடுக்க வேண்டும். தொண்டு என்று சொல்லி உழைப்பை வாங்கிக்கொள்ளக் கூடாது.

மனநலப் பாதுகாப்புச் சட்டம், எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இரண்டும் 2017 ஏப்ரலில் ஒப்புதல் பெற்று, 2018இல் நடைமுறைக்கு வந்தன. இரண்டாவது சட்டம் ஒருவருடைய தொற்று நிலையை அவருடைய இசைவின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. இதை இன்றைக்கே நாம் கடைப்பிடிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. கட்டுரை வாசிக்கப்போகிறவர்கள் சிலர் முகப் படங்களைத் திரையில் காட்டக்கூடும். கண்களின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைப்பது வழக்கம். இந்தப் பாதிப்பில் கன்னம்தான் அடையாளம். பட்டைக்குக் கீழே அது அப்படியே தெரிகிறது. எழுத்து மூலமான இசைவு இல்லாத படம் எதுவாக இருந்தாலும், உங்கள் அமர்வு தொடங்குவதற்கு முன் அதை நீக்கிவிடும்படி தலைவர் என்ற முறையில் கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.